நண்டு போட்ட கீழ்க்கோடு

அந்தக் காலத்தில் எல்லா உயிரும் பேசும். கேட்பதற்கு நன்றாக இருக்கும். கூட இருந்து பார்த்தால்தான் தொல்லை தெரியும். காகம் பேசும், நாய் பேசும், ஆடு பேசும். ஒரு வீட்டில் என்ன குழம்பு, யாருக்கும் யாருக்கும் சண்டை என்பதெல்லாம் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கடற்கரையில் இன்னும் மோசம். அங்கே கடற்காகம் உண்டு. காதில் விழுந்ததைக் கத்தாமல் அதனால் பறக்கவே முடியாது.

மீனுக்கும் பேசத் தெரியும். ஆனால் பேசாது.

ஒரு கரையில் கொற்றி என்று ஒருத்தி இருந்தாள். எந்தக் கரை என்று கேட்க வேண்டாம். கடல் இருந்தது, உப்பங்கழி இருந்தது, அது போதும். புருஷன் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. கருவாடு போட்டு விற்றுப் பிழைத்தாள். வீட்டை ஒட்டிக் கருவாட்டுக் கொட்டகை. அடுத்த வீடு துறைக்காவலன் எயினனுடையது.

மேற்கேயிருந்து வந்த மரக்கலம் ஒன்றில் புதிய வழி ஒன்று அந்தக் கரைக்கு வந்து சேர்ந்திருந்தது. இயேசுவின் வழி. சிலுவையில் அறைந்து கொன்றார்களே, அவர். அந்த வழியில் சேர்ந்தவர்களை அரசனுக்குப் பிடிக்கவில்லை. பிடிபட்டவர்களைக் கல்லுடைக்கும் தீவுக்கு அனுப்பினான். போனவர்கள் வந்ததில்லை.

கொற்றியும் அந்த வழிதான். வெளியே தெரியாது. ஓடி வருகிறவர்களைக் கருவாட்டுக் கொட்டகையில் ஒளித்து வைப்பாள். படகு கிடைத்ததும் அனுப்பிவிடுவாள். கொட்டகை நாற்றத்தில் நாய் வாசலோடு திரும்பிவிடும். காவலாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான்.

அவள் வாசலில் ஒரு வளை. வளையில் ஒரு நண்டு. அப்போது நண்டுக்குக் கண் முகத்தோடு ஒட்டித்தான் இருந்தது, நம்மைப் போல.

நண்டுதான் அவளுக்குக் காவல். மணலில் காலடி அதிர்ந்தால் அதற்கு முதலில் தெரியும். ஓடிப் போய், "அக்கா, வர்றாங்க. மூணு பேரு. ஒருத்தனுக்குக் கால் வீக்கம்போல இருக்கு, இழுத்து இழுத்து வர்றான்" என்று சொல்லும். கொற்றி மீன் குடலை எறிவாள். நண்டு தின்னும். நான் இல்லாவிட்டால் இந்த வழியே இந்தக் கரையில் நிற்காது என்று அதற்கு ஒரு நினைப்பு. கொஞ்சம் உண்மையும் உண்டு.

வருகிறவன் நம் ஆளா, எயினன் ஆளா என்று தெரிய வேண்டுமே. முதலில் ஒரு சொல் வைத்திருந்தார்கள். வந்தவன் "அப்பம் இருக்கா?" என்று கேட்க வேண்டும். இவள் "ரெண்டு இருக்கு" என்று சொல்ல வேண்டும். மூன்று நாள் ஒழுங்காக நடந்தது. நான்காம் நாள் கடற்காகத்தின் காதில் விழுந்துவிட்டது. அன்று சாயங்காலம் கரை முழுக்க "அப்பம் இருக்கா, ரெண்டு இருக்கு! அப்பம் இருக்கா, ரெண்டு இருக்கு!" என்று ஒரே கத்தல். இரண்டு பேர் பிடிபட்டார்கள்.

இனி வாயால் எதுவும் கிடையாது, மணலில் வரைய வேண்டியதுதான் என்று கொற்றி முடிவு செய்தாள். இன்னொன்றும் சொன்னாள். பேசுகிற எதையும் நம்பக் கூடாது. சிறகு இருந்தாலும் சரி, கால் இருந்தாலும் சரி.

"என்னையுமா?" என்றது நண்டு.

"நான் உன்னை நம்புறேன். வெளியூர்க்காரன் எப்படி நம்புவான்?"

நண்டு அதைக் காதில் வாங்கவில்லை. அதன் மனமெல்லாம் வேறு கேள்வியில் இருந்தது. எதை வரையப் போகிறாள்?

சிலுவையை வரையலாம் என்று கொட்டகையில் ஒருவர் சொன்னார். கொற்றி முறைத்தாள். ஆளைக் கொல்கிற மரத்தை யார் வாசலில் வரைவார்கள்? பார்த்தவுடனே தெரிந்துவிடாதா? நண்டுக்கு நம்பிக்கை வந்தது. வேறு யார் இருக்கிறார்கள்? வாசலில் கிடப்பது நான். காவல் காப்பது நான். என்னைத்தான் வரைவாள்.

அந்த வாரம் எயினன் கழியில் வலை போட்டான். மீனுக்காக இல்லை. விடியற்காலையில் ஒரு படகு கழியைக் கடந்து போயிருந்தது. அதில் யார் யார் போனார்கள் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். படகுக்கு அடியிலேயே நீந்திப் போன மடவை மீன் ஒன்று உண்டு, அது எல்லாப் பேரையும் கேட்டிருக்கும் என்று கடற்காகம் சொல்லிவிட்டது. மடவை வலையில் விழுந்தது.

எயினன் அதைச் செவுளில் பிடித்துத் தூக்கினான். "சொல்லு. படகுல யாரு?"

மீனின் வாய் திறந்தது, மூடியது. சத்தம் வரவில்லை.

"சொன்னா தண்ணியில விடறேன்."

வாய் திறந்தது, மூடியது.

சுடுமணலில் எறிந்தான். அது துள்ளியது. தண்ணீர் நாலு முழத்தில் இருந்தது. ஒரு பேரைச் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை, செத்தது.

அவன் போன பிறகு கொற்றி அதை எடுத்து வந்தாள். கொட்டகையில் ஏழு பேர் இரண்டு நாளாகப் பட்டினி. சுட்டு, ஆளுக்கு ஒரு விள்ளல் கொடுத்தாள்.

"நம்ம ஆண்டவரையும் இப்படித்தானே கேட்டாங்க. வாய் திறக்கலை. செத்தார். பசிச்சவங்களுக்குத் தன்னையே சாப்பாடாக் குடுத்தார்" என்றாள். அவர்கள் மென்றுகொண்டே அழுதார்கள்.

மறுநாள் வாசலில் கால் பெருவிரலால் ஒரு வளைகோடு போட்டாள். அதற்குக் கீழே இன்னொன்று. ஒரு பக்கம் சேர்ந்தது, மறுபக்கம் ஒன்றை ஒன்று வெட்டி வாலாயிற்று. மீன்.

ஒழுங்கும் சொன்னாள். வருகிறவன் மேல்கோடு போட வேண்டும். போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரைக்குப் போய் நிற்க வேண்டும். வீட்டுக்காரி வந்து கீழ்க்கோடு போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். அவன் வந்து பார்ப்பான். மீன் இருந்தால் உள்ளே வரலாம். மணலில் கோடே அழிந்திருந்தால் ஆபத்து, ஓடிவிட வேண்டும். போட்டவன் ஏன் திரும்பிப் பார்க்கக் கூடாது? வீட்டில் ஆபத்து என்றால் அவன் வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்காமலே போய்விடுவான். நாளைக்குப் பிடிபட்டு அடிபட்டாலும், காட்டிக்கொடுக்க அவனிடம் ஒரு முகம் இருக்காது.

இந்தச் செய்தியை ஒருவர் காதில் ஒருவராகப் போட்டு அடுத்தடுத்த துறைகளுக்கு அனுப்பினார்கள். கொற்றியின் மீனுக்கு வால் கொஞ்சம் கோணல், அதுதான் அடையாளம் என்பதையும் சேர்த்து.

நண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"அக்கா."

"என்னடா?"

"அந்த மடவைப் பய உனக்கு என்ன செஞ்சான்? ஒரு நாள் காவல் காத்தானா? ஒரு வார்த்தை பேசியிருப்பானா உன்கிட்ட?"

"பேசலை. அதான் வரைஞ்சேன்."

"நானும் செத்தா என்னை வரைவியா?"

"நீ செத்தா குழம்பு வைப்பேன். போடா, வேலை கிடக்கு."

கொட்டகைக்குள் யாரோ சிரித்தார்கள். நண்டுக்கு ஓடு முழுக்க எரிந்தது.

அன்றிலிருந்து அதற்கு வேறு வேலை ஓடவில்லை. யார் வந்தாலும் மேல்கோடு, கொற்றி கீழ்க்கோடு, மீன். காலால் அழிப்பாள். மறுநாள் மறுபடியும் மீன். வருகிறவர்கள் குனிந்து மீனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பக்கத்திலேயே நண்டு நிற்கும். யாரும் தொடவில்லை. ஒருவன் மிதிக்கப் பார்த்தான்.

"வாலு கோணல்" என்று நண்டு சொல்லும். "கண்ணே வைக்கலை. குருட்டு மீனு" என்று சொல்லும். கொற்றி கண்டுகொள்ளமாட்டாள். சரி, நாமே வரைந்து காட்டுவோம் என்று ஒரு நாள் தன்னையே மணலில் வரைந்தது. முதுகு, கால், கொடுக்கு, எல்லாம். கொற்றியைக் கூப்பிட்டுக் காட்டியது.

அவள் இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா எத்தனை காலுடா உனக்கு? கொடுக்கோட பத்து. ரெண்டு கோட்டுல முடியற காரியமா? எட்டாவது கால் போடறப்ப எயினன் வந்து முதுகுல தட்டுவான்."

நியாயமான பேச்சுதான். பொறாமைக்கு நியாயம் எங்கே கேட்கும்?

காவலும் கெட்டது. வழியைப் பார்க்க வேண்டிய நண்டு மீனைப் பார்த்தது. வளைக்குள் இருந்தபடியே எட்டி எட்டிப் பார்த்தது. வளைவு எவ்வளவு, வால் எங்கே வெட்டுகிறது, கொற்றியின் விரல் எந்த இடத்தில் அழுந்துகிறது எல்லாம் அதற்கு மனப்பாடம். பார்த்துப் பார்த்துக் கண் ரெண்டும் முகத்தை விட்டு வெளியே வந்துவிட்டன. குச்சி மேல் வைத்த மாதிரி நின்றன. உள்ளே போகவே இல்லை.

"கண்ணு என்னடா ஆச்சு?" என்றாள் கொற்றி.

"தூசி விழுந்துது" என்றது நண்டு.

இப்படியிருக்கும்போது வெண்ணி என்கிற பெண் பத்து நாள் குழந்தையோடு கொட்டகைக்கு வந்து சேர்ந்தாள். கூட அவள் மாமனார், நடக்க முடியாதவர். குழந்தை அழும் குழந்தை. கருவாட்டு நாற்றம் நாயை நிறுத்தும், அழுகையை நிறுத்துமா? எயினனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உச்சி வெயில் கொஞ்சம் சாய்ந்ததும் வீடு வீடாகத் தேடப்போகிறான் என்று அவன் வீட்டு ஆடே சொல்லிவிட்டது.

ஒரே வழிதான் இருந்தது. உச்சி வெயிலில் அந்துவன் என்கிற படகுக்காரன் வருவதாக இருந்தது. தெற்குத் துறைக்காரன். கொற்றி அவனைப் பார்த்ததில்லை, அவனும் இவளைப் பார்த்ததில்லை. அவன் படகில் ஏறினால் குழந்தை பிழைக்கும். இல்லாவிட்டால் நாலு பேரும் தீவுதான்.

கொற்றி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நண்டிடம் வந்தாள். "இன்னைக்கு ஒருத்தன் வருவான். கோடு போட்டுட்டுப் போவான். நான் உள்ள இதை அழாம பாத்துக்கணும். அவன் போட்டதும் கதவுல ரெண்டு தட்டு தட்டு. பேசாதே. செய்வியா?"

"எத்தனை நாளா செய்யறேன்" என்றது நண்டு. "எனக்கு என்ன கிடைச்சுது?"

"இது கேக்கற நேரமா?"

போய்விட்டாள்.

உச்சி வெயில். ஊர் சுருண்டு படுத்திருந்தது. கடற்காகம்கூடத் தலையைச் சிறகில் செருகித் தூங்கியது. அலை பின்வாங்கிக் கிடந்தது. அந்துவன் வந்தான். தோள் அகன்ற ஆள், தலையில் துணி. வாசலில் நின்று கால்விரலால் மேல்கோடு போட்டான். திரும்பிப் பார்க்காமல் கரைக்கு நடந்தான்.

நண்டு வெளியே வந்தது.

கோட்டைப் பார்த்தது. ஒற்றைக் கோடு. இன்னும் மீன் ஆகவில்லை. வெறும் முதுகு. யார் முதுகாகவும் இருக்கலாம். என் முதுகும் இப்படித்தானே வளைந்திருக்கிறது என்று நண்டு நினைத்தது. ஒரு தடவை. ஒரே ஒரு தடவை. போட்டுப் பார்த்துவிட்டு உடனே அழித்துவிடலாம், அப்புறம் கதவைத் தட்டலாம்.

கீழே கால்கள் போட்டது. இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. முன்னால் இரண்டு கொடுக்கு. மேலே குச்சிக் கண் இரண்டு. தள்ளி நின்று பார்த்தது. அழகாக இருந்தது. இன்னும் கொஞ்சம் பார்த்தது.

தட்டு கேட்கவில்லையே என்று கொற்றி கதவைத் திறந்தாள். வாசலில் ஒரு நண்டுப் படம். பக்கத்தில் நண்டு.

"இதுக்கு இதுதான் நேரமா? அவன் கோடு போட இடம் வேணாம்?" காலால் பரபரவென்று அழித்தாள். மணல் சமமானது. உள்ளே குழந்தை சிணுங்கியது. ஓடிவிட்டாள்.

நண்டுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் அழித்தது தன் படத்தை மட்டும் இல்லை.

அந்துவன் திரும்பி வந்தான். அழிந்த மணலைப் பார்த்தான். ஆபத்து, ஓடு என்று அர்த்தம். அந்த மூடின கதவை ஒரு கணம் பார்த்தான். பிறகு படகை நோக்கி வேகமாக நடந்தான்.

"அண்ணே!" என்றது நண்டு. "அண்ணே, நில்லுங்க, அது நான்தான்..."

அந்துவன் இன்னும் வேகமாக நடந்தான். பேசுகிற எதையும் நம்பக் கூடாது. அவனுக்கும் அந்தச் செய்தி வந்திருந்தது.

கொற்றியைக் கூப்பிடலாமா? உச்சி வெயிலில் ஒரு பெண் கத்திக்கொண்டு கரையில் ஓடினால் எயினன் வீட்டு வாசலிலிருந்தே தெரியும். கடற்காகம் எழுந்துவிடும்.

நண்டு ஓடியது. கழி ஓரமாக, பக்கவாட்டில், அவன் நிழலைத் தாண்டி. ஈர மணலில் அவன் முன்னால் போய் நின்றது. வாயைத் திறந்தது. மூடிக்கொண்டது. அதுவரை ஒருநாளும் மூடாத வாய்.

கொடுக்கு நுனியால் வரைந்தது. மேல்கோடு. கீழ்க்கோடு.

அலை வந்து அழித்துவிட்டது. அந்துவன் அதைத் தாண்டிப் போய்விட்டான். மறுபடி முன்னால் ஓடியது. மறுபடி வரைந்தது. வால் முடியும் முன்னே அலை. அந்துவன் படகில் ஒரு கால் வைத்துவிட்டான். நண்டு படகின் பக்கத்தில், கொஞ்சம் மேட்டில், இன்னொரு தடவை வரைந்தது. பதறாமல் வரைந்தது. அந்த மீனை ஊரில் யாரும் அது பார்த்த அளவுக்குப் பார்த்ததில்லை. கும்பிட்டவர்கள்கூடப் பார்த்ததில்லை. பொறாமைப்பட்டவனுக்குத்தான் அச்சு அசலாகத் தெரியும்.

அந்துவன் குனிந்தான். மீன். வால் கோணல்.

பக்கத்தில் ஒரு நண்டு, கண்ணைத் தூக்கி அவனையே பார்த்துக்கொண்டு. ஒரு வார்த்தை பேசவில்லை.

காலைப் படகிலிருந்து எடுத்தான்.

கதவு திறந்தபோது, "கோடு போட்டேன், அழிஞ்சிருந்துதே அம்மா?" என்றான் அந்துவன். கொற்றி அவனைப் பார்த்தாள். பிறகு மெதுவாக நண்டைப் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது. நண்டு வளைக்குள் ஒரு காலை வைத்தது.

"உன்கிட்ட அப்புறம் பேசிக்கறேன்" என்றாள்.

பெரியவரை அந்துவன் தூக்கிக்கொண்டான். வெண்ணி குழந்தையை முந்தானையில் மூடிக்கொண்டு ஓடினாள். நேரம் போயிருந்தது. நண்டு வீணாக்கிய நேரம். படகு கழிமுனையைத் தாண்டுவதற்குள் எயினன் வீட்டில் கதவுத் தாழ் விலகும் சத்தம் கேட்டது. படகில் இன்னொருவருக்கு இடம் இருந்தது. ஆனால் கொற்றியும் போனால் வீடு காலி, வீடு காலி என்றால் உடனே கடலைப் பார்ப்பார்கள். அவள் போகவில்லை. கொட்டகைக் கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றாள்.

"தள்ளு" என்றான் எயினன்.

தள்ளவில்லை.

"உள்ள யாரு?"

வாய் திறக்கவில்லை.

நாலு பேர் சேர்ந்து அவளை இழுத்துவிட்டுக் கதவை உடைத்தார்கள். உள்ளே கருவாடும் ஒரு சின்னத் தொட்டில் துணியும் கிடந்தன. எயினன் துணியை எடுத்துப் பார்த்தான். "எந்தப் பக்கம் போனாங்க?" அவள் மண்ணைப் பார்த்தாள். அவன் சுற்றிப் பார்த்தான். வளையின் வாயில் நண்டு.

"நீ வாயாடியாச்சே. நீ சொல்லு."

கையில் தூக்கினான். "தெற்கா, வடக்கா? ஒரு வார்த்தை."

நண்டின் வாய் திறந்தது, மூடியது. நுரைதான் வந்தது.

ஒரு கொடுக்கைத் திருகினான். பிய்ந்து வந்தது. நண்டு பேசவில்லை. தூ என்று மணலில் எறிந்தான். அந்தக் கொடுக்கு பின்னால் முளைத்தது, ஆனால் சின்னதாகத்தான் முளைத்தது. இன்றைக்கும் பாருங்கள், ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு.

கொற்றியைக் கை கட்டி இழுத்துப் போனார்கள். வளையைத் தாண்டும்போது அவள் இடறினாள். காவலாள் "பாத்து நட" என்றான். உண்மையில் அவள் இடறவில்லை. கால் பெருவிரல் மணலில் ஒரு வளைகோடு போட்டிருந்தது. மேல்கோடு. நண்டுக்கு நேர் முன்னால்.

வாழ்க்கையில் முதல் தடவை யாரோ நண்டுக்காக மேல்கோடு போட்டிருக்கிறார்கள்.

இருந்த ஒற்றைக் கொடுக்கால் நண்டு கீழ்க்கோடு போட்டது. வாலைக் கோணலாகவே முடித்தது. தலை தூக்கிப் பார்த்தது. கொற்றி போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. மேல்கோடு போட்டவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவள் வைத்த ஒழுங்குதான்.

சாயங்கால அலை ஏறி வந்தது. அழித்துவிட்டுப் போனது.

கொற்றி தீவிலிருந்து வரவில்லை. குழந்தை பிழைத்தது. வெண்ணி போன துறையில் மீனை வரைந்தார்கள். அங்கிருந்து போனவர்கள் போன இடமெல்லாம் வரைந்தார்கள். மோதிரத்தில் பொறித்தார்கள், விளக்கில் செதுக்கினார்கள், செத்தவர்களைப் புதைத்த சுவரில் கீறினார்கள். பசிக்கு உணவானவர், வாய் திறக்காதவர் என்று அர்த்தம். நண்டை யாரும் எங்கேயும் செதுக்கவில்லை. அதற்கு அதில் வருத்தம் இருக்காதா என்றால் இருக்கும். பொறாமை அவ்வளவு லேசில் சாகாது. ஆனால் வாயைத் திறந்து சொல்வதில்லை.

அன்று முதல்தான் நண்டு மணலில் ஓயாமல் கோடு போடுகிறது. அலை அழிக்கிறது, மறுபடி போடுகிறது. மனிதக் காலடி கேட்டால், பாக்கி இருக்கிற திட்டு வந்துவிட்டது என்று வளைக்குள் ஓடுகிறது. ஓடிய வேகத்தில், வந்தது கொற்றியாக இருக்குமோ என்று கண்ணை மட்டும் வெளியே நீட்டிப் பார்க்கிறது.